ஒரே ஆடியோகிராம், ரெண்டு முடிவு: எதை நம்புவது?

கொங்குத்தறி கேட்டது:

மாமனாருக்கு வயசு 68. முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பதுதான் அவர் புகார். காது டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, செவிப்பறை ரெண்டும் நன்றாக இருக்கிறது என்றார். செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோகிராம் ரெண்டு காதிலும் 'ஏ' டைப், அதாவது இயல்பு. ஆடியோகிராம் எண்கள் (ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்பது; 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் வரிசையில்):

வலது, காற்று வழி (ஹெட்போனில்): 25, 30, 40, 55, 70, 80
இடது, காற்று வழி: 30, 30, 45, 60, 75, 80
வலது, எலும்பு வழி (மண்டையில் அதிர்வி வைத்து, 4000 வரை): 25, 25, 40, 55, 45
இடது, எலும்பு வழி: எழுதவில்லை
சொல் புரிதல்: வலது 80%, இடது 56%

ஆஸ்பத்திரியில் "மிதமான இழப்பு" என்று எழுதினார்கள். காது மெஷின் கடையில் அதே தாளைப் பார்த்துவிட்டு இடது காது "மிதமானதற்கும் மேல், கடுமையை நோக்கி" என்கிறார்கள். வலது காதுக்குப் பக்கத்தில் "கலப்பு வகை" (உள்காதோடு நடுக்காதிலும் கோளாறு) என்றும் இருக்கிறது. அப்படியென்றால் ஆபரேஷனா?

ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கியாச்சு (காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயரில் ஸ்பீக்கர் காதுக்குள் போகும் வகை). முதலில் ஓட்டை வைத்த ரப்பர் குமிழ் போட்டார்கள், வீல்னு விசிலடித்தது. அப்புறம் ஓட்டை இல்லாத குமிழ். இப்போது விசில் இல்லை, ஆனால் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல் இருக்கிறதாம். தட்டு கரண்டி சத்தம் மண்டையைத் துளைக்கிறதாம். பத்தே நாளில் மெஷின் டப்பாவுக்குள் போய்விட்டது. கடையில் "16 சேனல் பத்தாது, 32 சேனல் எடுங்க" என்கிறார்கள் (மெஷின் சுருதியைப் பிரித்துக்கொள்ளும் பட்டைகளைத்தான் சேனல் என்கிறார்கள்). எடுக்கலாமா? ஊனமுற்றோர் அட்டை கிடைக்குமா என்பதும் ஒரு கேள்வி.

---

செவிநுட்பர் பதில்:

முதலில் அந்த ரெண்டு முடிவு. ரெண்டுமே தப்பில்லை, கணக்குப் போட்ட விதம்தான் வேறு. பழைய முறையில் 500, 1000, 2000 மூன்றின் சராசரி. இடது காதுக்கு (30+45+60)/3 = 45. பழைய அட்டவணையில் 41 முதல் 55 வரை "மிதமான" வகை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையில் 4000-ஐயும் சேர்த்து நான்கின் சராசரி: (30+45+60+75)/4 = 52.5. அங்கே 35-லிருந்து 50-க்குள் மிதமானது, 50-லிருந்து 65-க்குள் அடுத்த படி. வலது காது அதே கணக்கில் 48.75, அதனால் மிதமானதாகவே நிற்கிறது. பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெஷினுக்கு வேண்டியது கோட்டின் வடிவம்: தாழ்ந்த சுருதியில் கிட்டத்தட்ட நல்ல காது, மேலே போகப் போகச் சரிவு. உயிர் ஒலிகளின் பலம் கீழே இருக்கிறது, அதனால் "சத்தம் கேக்குது". க, ச, ட, த, ப என்று பிரித்துக் காட்டும் ஒலிக்குறிப்புகள் பெரும்பாலும் 2000-க்கு மேலே இருக்கின்றன, அதனால் "புரியல". மாமனார் சொன்ன ஒரே வரி அந்தக் கோட்டை அப்படியே சொல்லிவிட்டது.

தறிச் சத்தம் மட்டும் காரணமாக இருந்தால் 4000-ல் பள்ளம் விழுந்து 8000-ல் கோடு மீண்டும் மேலேறும். இங்கே 8000 இன்னும் மோசம், அதாவது வயசும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இப்போதும் தறிக்கூடத்துக்குப் போய்வருகிறார் என்றால், அடுத்த சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் அந்தச் சத்தத்தில் இல்லாமல் வரச் சொல்லுங்கள்.

இனி "கலப்பு வகை". எனக்கு இதில்தான் சந்தேகம். காற்று வழியும் எலும்பு வழியும் 2000 வரை ஒட்டியே போகின்றன, 500-ல் இருக்கும் 5 டெசிபலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 4000-ல் மட்டும் திடீரென்று 70-க்கும் 45-க்கும் 25 டெசிபல் இடைவெளி. நடுக்காதில் நிஜமான கோளாறு இருந்தால் இடைவெளி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியிலேயே தொடங்கும். நடுக்காதில் உள்ள ஸ்டேப்ஸ் எலும்பு இறுகிப்போனால் டிம்பனோகிராம் 'ஏ' வரலாம், ஆனால் அதிலும் 250, 500-ல்தான் முதலில் இடைவெளி தெரியும். 4000-ல் மட்டும் வருகிற இடைவெளிக்கு மூன்று சாதாரணக் காரணங்கள் உண்டு.

ஒன்று, வயதானவர்களின் காதுக்குழாய்க் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும். மெத்தை வைத்த ஹெட்போன் காது மடலை அழுத்தும்போது குழாய் சப்பி மூடிக்கொள்ளும். உயர்ந்த சுருதி உள்ளே போகாது, இல்லாத இழப்பு தாளில் ஏறும். ரெண்டு, எலும்பு அதிர்வி 4000-ல் காற்றிலும் சத்தம் கசியவிடும். அந்தக் காது திறந்தே இருந்தால் அதைக் கேட்டுப் பொத்தானை அழுத்திவிடுவார்கள், எலும்பு வழி எண் இருப்பதைவிட நல்லதாக விழும். மூன்று, கருவியின் அளவுத்திருத்தம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, காது மடலை உள்ளங்கையால் மண்டையோடு சேர்த்து மெதுவாக அழுத்தி, விரலிடுக்கில் துளையைப் பாருங்கள். துளை கீறல் மாதிரி மூடிக்கொண்டால் முதல் காரணத்துக்கு வாய்ப்பு அதிகம். தீர்வு எளிது: காதுக்குள் நுரைச்செருகி வைக்கிற இன்செர்ட் போனில் 2000-க்கு மேல் மறுசோதனை. அதோடு இடது எலும்பு வழியையும் மாஸ்கிங்குடன் எடுக்கச் சொல்லுங்கள். அதிர்வியை எந்தப் பக்கம் வைத்தாலும் ரெண்டு உள்காதும் சேர்ந்தே கேட்கும். மறு காதில் இரைச்சல் கொடுத்து அதை வேலையில் வைத்தால்தான் எந்தக் காது பதில் சொன்னது என்று தெரியும். வலது காதின் எலும்பு வழிக்குறி கூர்கோண வடிவில் இருந்தால் மாஸ்கிங் செய்யவில்லை, சதுர அடைப்பு மாதிரி இருந்தால் செய்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

---

கொங்குத்தறி:

நன்றிங்க. அழுத்திப் பார்த்தோம், வலது துளை நீங்கள் சொன்ன மாதிரியே கீறலாக மூடிக்கொள்கிறது. இடதில் பாதி மூடுகிறது. தாளில் வலது எலும்பு வழிக்குக் கூர்கோணக் குறிதான், எங்கேயும் சதுரம் இல்லை. சொல் புரிதலில் 80-க்கும் 56-க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இடது காதுக்கு மெஷினே வீண் என்று ஒருவர் சொன்னார்.

---

மோல்டு_மாரி பதில்:

செவிநுட்பர் சொன்னது சரியாக இருந்தால் உங்கள் மெஷின் கதை முழுக்க அங்கிருந்தே தொடங்குகிறது. எப்படி என்று பாருங்கள். கடையில் 4000-க்கு 70 என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எலும்பு வழி 45-ஐயும் ஏற்றியிருந்தால், "இது கலப்பு வகை" என்று சாஃப்ட்வேர் அந்த இடைவெளியில் பெரும்பங்கை ஈடுகட்டக் கூடுதல் பெருக்கத்தைச் சேர்க்கும். உண்மையில் காது 50 பக்கம்தான் என்றால் 4000-ல் வேண்டியதைவிட மிக அதிகமாகக் கொட்டுகிறது. கரண்டிச் சத்தத்தின் பலமும் அந்தப் பக்கம்தான், மண்டையைத் துளைக்காமல் என்ன செய்யும்? கூடுதல் பெருக்கம் ஓட்டைக் குமிழ் வழியாக வெளியே கசிந்து மைக்கிலேயே மறுபடி விழுந்தது, அதுதான் விசில். விசிலை அடக்க ஓட்டையை அடைத்தார்கள். அடைத்ததும் தன் குரல் குடத்துக்குள் போய்விட்டது. ஒரு தப்பு எண்ணுக்கு மூன்று ஒட்டு.

குடத்துக்குரலுக்கு ஒரு சோதனை. மெஷினைக் காதில் வைத்தபடியே ஆஃப் செய்துவிட்டு "ஈ...", "ஊ..." என்று நீட்டச் சொல்லுங்கள். ஆஃபிலும் எதிரொலித்தால் அது அடைப்பால் வருவது. ப்ரோகிராமைத் திருகி ஒரு பயனும் இல்லை, காற்றோட்ட ஓட்டை வேண்டும். ஆன் செய்தால் மட்டும் எதிரொலித்தால் தாழ்ந்த சுருதிப் பெருக்கம் அதிகம், அதைக் குறைக்க வேண்டும். 250, 500-ல் 25, 30 மட்டுமே இழப்பு உள்ள காதை முழுசாக அடைப்பது பெரும்பாலும் தவறான தேர்வுதான். மறுசோதனையில் 4000 குறைந்து வந்தால் ஓட்டைக் குமிழே போதும். குறையவில்லை என்றால் காதின் அச்செடுத்துச் செய்த மோல்டு, அதில் 2 மி.மீ. அளவு ஓட்டை. ஓட்டை பெரிதானால் குரல் தெளியும், விசில் கிட்டே வரும். சிறிதானால் தலைகீழ். ரெண்டுக்கும் நடுவே ஒரு இடம் கிடைக்கும்.

சேனல் விஷயம்: 16-லிருந்து 32-க்குப் போவதால் இந்தப் பிரச்சினை எதுவும் தீராது. அந்தப் பணத்துக்குப் பதில் "ரியல் இயர் அளவு எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைக் காதுக்குள் செவிப்பறைக்கு 5 மி.மீ. பக்கம் வரை நுழைத்து (வயதுவந்த ஆண்களுக்குக் கிட்டத்தட்ட 30 மி.மீ. உள்ளே), மேலே மெஷினை மாட்டி, பேச்சொலியை 55, 65, 80 டெசிபலில் ஓட்டி, காதுக்குள் நிஜமாக எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பது. அந்தக் காதின் இழப்புக்குக் கணக்கிட்ட இலக்கிலிருந்து ஐந்து டெசிபலுக்குள் நின்றால் நல்ல ஃபிட்டிங். கம்ப்யூட்டர் காட்டும் பச்சைக் கோடு சராசரி மனிதனின் காதுக்குப் போட்ட உத்தேசக் கணக்குதான், உங்கள் மாமனாரின் காதைப் பார்த்து வரைந்ததில்லை. அந்தக் கருவி இல்லாத இடம் என்றால், மெஷினோடு ஒலிபெருக்கி முன் உட்காரவைத்து 50 டெசிபலிலும் 65 டெசிபலிலும் சொல் புரிதல் எடுக்கச் சொல்லுங்கள். ரெண்டும் முடியாது என்பவரிடம் மெஷின் வாங்காதீர்கள், அவ்வளவுதான் என் கருத்து.

கரண்டிச் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்காது கெட்டால் மெதுவான சத்தம் கேட்காமல் போகும், ஆனால் "தாங்க முடியல" என்கிற எல்லை அதே 100 பக்கமே நிற்கும். 70-ல் கேட்கத் தொடங்குகிறவருக்கு மிச்சம் 30 டெசிபல் இடம்தான், வீட்டின் எல்லாச் சத்தத்தையும் அதற்குள் மடித்து வைக்கணும். "உச்ச வெளியீட்டைக் கரண்டியை வைத்துத் தட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்க" என்று சொல்லுங்கள். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கையோடு கொண்டு போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

---

செவிநுட்பர்:

80, 56 பற்றி. 25 சொல் பட்டியல் என்றால் ஒரு சொல்லுக்கு 4%. அந்த 24% வித்தியாசம் என்பது ஆறே சொல். இவ்வளவு சிறிய பட்டியலில் இது தற்செயலாகவும் வரலாம். பரிசோதகர் வாயாலேயே சொன்னாரா, பதிவு செய்த குரலா என்பதும் முக்கியம். வாயால் சொன்ன ரெண்டு மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. சரிவான கோட்டுக்கு வழக்கமான சத்த அளவு பத்தாமலும் போகலாம், 2000-ல் இருக்கும் 60-ஐத் தாண்டிப் பேச்சு எட்டியிருக்கணும். ஆகவே பதிவுக் குரல், 50 சொல், ரெண்டு சத்த அளவு. சத்தத்தைக் கூட்டும்போது மதிப்பெண் ஏறாமல் சரிந்தால், அல்லது வித்தியாசம் அப்படியே நின்றால், காது டாக்டரிடம் காட்டி செவி நரம்புக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ஒலிச் சோதனையில் ரெண்டு காதும் 5 டெசிபலுக்குள் ஒத்துப்போவதால் அவசரம் இல்லை. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சுருதியில் 15 டெசிபல் வித்தியாசம் இருந்திருந்தால் நானே முதலில் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் வேறு ரகம்: எந்தக் காதாவது மூன்று நாளுக்குள் திடீரென்று மந்தமானால் "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று உட்காராதீர்கள். அன்றைக்கே காது டாக்டர். ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

---

நாப்பதுடெசிபல் பதில்:

56% காதுக்கு மெஷின் போடுவது காசை ஆற்றில் போடுவது. நல்ல காதுக்கு ஒன்று போதும்.

---

உதட்டசைவு பதில்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு காதுக்கு மட்டும் போட்டால், போடாத காதின் சொல் புரிதல் வருஷக் கணக்கில் இன்னும் சரிய வாய்ப்புண்டு. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது. ரெண்டையும் போட்டுப் பார்த்து, ரெண்டோடு இருக்கும்போது ஒன்றோடு இருப்பதைவிட மோசமாகப் புரிந்தால் மட்டும் இடதைக் கழற்றலாம். அப்படி ஆவது அபூர்வம்.

மெஷின் சரியான பிறகு வீட்டில் செய்ய வேண்டியது இது. முதல் வாரம் அமைதியான அறையில் ஒரு மணி, ரெண்டு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய் நாள் முழுக்க. ஆரம்பத்தில் இலக்கின் 80% பக்கம் வைத்து, சில வாரங்களில் ஏற்றச் சொல்லலாம். நிறைய மெஷின்கள் எத்தனை மணி நேரம் போட்டார் என்று உள்ளேயே குறித்து வைக்கும், அடுத்த சந்திப்பில் அந்த எண்ணைப் பாருங்கள்.

தினமும் காலையில் ஆறு ஒலி: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். லிங் ஒலிகள் என்பார்கள், தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை பேச்சின் அகலம் முழுக்க இதில் அடங்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, அவர் உங்கள் வாயைப் பார்க்காதபடி பக்கவாட்டில் நின்று சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். நேற்றுவரை வந்த "ஸ்" இன்று வரவில்லை என்றால் பெரும்பாலும் குமிழின் வாயில் அழுக்குத் தடுப்பான் அடைத்திருக்கும், காதைக் குறை சொல்வதற்கு முன் அதை மாற்றுங்கள். வாயைத் தாளால் மறைக்காதீர்கள், தாளே உயர்ந்த சுருதியைத் தின்றுவிடும்.

பிறகு 15, 20 நிமிடச் சொல் பயிற்சி. கடை, தடை, படை, சடை என்று நான்கையும் சீட்டில் எழுதி முன்னால் வைத்து, ஒன்றைச் சொல்லுங்கள், அவர் தொட்டுக் காட்டட்டும். அடுத்து பட்டு / பத்து, கட்டு / கத்து. ட-வும் த-வும் குழம்பும் இடம் அது. பத்துக்கு எட்டு சரியானால் சீட்டை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவும் வந்தால் மின்விசிறியை ஓடவிட்டு, பிறகு டி.வி. செய்தியைப் பின்னணியில் வைத்து. பத்துக்கு ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள், தோற்றுக்கொண்டே இருக்கிற பயிற்சியை மறுநாள் யாரும் செய்யமாட்டார்கள். தினத்தாளை ஒருவர் வாசிக்க, அவர் அதே பக்கத்தைக் கண்ணால் தொடர, நடுவில் நிறுத்திக் "கடைசிச் சொல் எது?" என்று கேட்பதும் நல்ல பயிற்சி. தாத்தாக்களுக்கு சீட்டு விளையாட்டைவிட இதுதான் பிடிக்கிறது.

வீட்டார் பங்கு: கத்தக் கூடாது. கத்தினால் உயிர் ஒலிதான் வீங்கும், மெய் ஒலி கூடாது. தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும், சமையலறையிலிருந்து கூவுவதற்குப் பதில் பக்கத்தில் வாங்க. மிக்ஸியை நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விஷயம் என்ன என்று முதலில் சொல்லுங்கள்: "அப்பா, பேங்க் விஷயம்..." ஒருமுறை புரியாவிட்டால் அதே வரியைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். அறுபதா எழுபதா என்று குழம்பும் எண்ணை "ஆறு, பூஜ்யம்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

---

மோல்டு_மாரி:

பராமரிப்பு ரெண்டு வரி. 312 பேட்டரி (பழுப்பு ஸ்டிக்கர்) காற்றை உறிஞ்சி வேலை செய்வது. ஸ்டிக்கரைப் பிய்த்ததும் உடனே மூடாமல் ஒரு நிமிடமாவது காற்றுப் படவிடுங்கள், இல்லாவிட்டால் புது பேட்டரியே பலவீனமாகத் தொடங்கும். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில், பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் சூடாக்கிக் காயவைக்கணும். தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள் மெஷின் காதில் இருக்கக் கூடாது, ஸ்பீக்கருக்குள் எண்ணெய் இறங்கினால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும். காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

---

நாப்பதுடெசிபல்:

சரி, ரெண்டும் போட்டுப் பார்க்கட்டும். அட்டை விஷயம் நான் சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ரெண்டு காதிலும் பேச்சு சுருதியில் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருக்கணும். இவர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் 53-ஐத் தாண்டவில்லை, மறுசோதனையில் இன்னும் குறையவே வாய்ப்பு. கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கென்று 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின் உண்டு, வறுமைக்கோட்டுக்குக் கீழே அல்லது மாத வருமானம் ₹15,000-க்குள் இருப்பவர்களுக்கு. முகாம் வரும்போது கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள்.

---

கொங்குத்தறி:

ஆஃப் செய்தும் குரல் குடத்துக்குள்தான் இருக்கிறது, அப்போ அடைப்புதான். சனிக்கிழமை மறுசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அன்றைக்கே மெஷினையும் மாற்றச் சொல்லலாமா?

---

மோல்டு_மாரி:

சொல்லலாம். வரிசை முக்கியம்: முதலில் இன்செர்ட் போனில் புது எண்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பழைய எலும்பு வழி எண்களை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் போடச் சொல்லுங்கள், பழையது உள்ளே கிடந்தால் அதே கூடுதல் பெருக்கம் திரும்ப வரும். அடுத்து குமிழை மாற்றி, மாற்றிய குமிழின் வகையைச் சாஃப்ட்வேரிலும் மாற்றணும், பலர் இதை மறந்துவிடுவார்கள். பிறகு விசில் சோதனையை ஒருமுறை ஓட்டணும், அதுவரை பழைய குமிழின் எல்லையையே மெஷின் வைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் ரியல் இயர். பழைய ப்ரோகிராமை அழிக்க வேண்டாம், ரெண்டாவது மெமரியில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கி, எதில் கரண்டி தாங்குகிறது, எதில் "ஸ்" வருகிறது என்று அவரே சொல்லட்டும்.